நிற்காதே என்னும் சாலை, நின்றுவிடும் கார்

அந்தமான் நெடுஞ்சாலையில் ஜிர்காடாங் சோதனைச்சாவடியைத் தாண்டும் வண்டிகளுக்கு முதன்மையான கட்டளை ஒன்றுதான்: வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது. அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வேமோ டாக்சிகளுக்கும் ஒரு கட்டளை உண்டு: புரியாதது எது எதிர்ப்பட்டாலும் நின்றுவிடு. இரண்டும் பாதுகாப்பின் பெயரால் வந்தவைதான். ஆனால் ஒன்று சொல்வதற்கு நேர் எதிராக மற்றது சொல்கிறது.

இவற்றை அருகருகே வைத்துப் பார்க்க டாலிகஞ்ச் தோதான இடம். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பழக்கத்தில் இன்னும் போர்ட் பிளேர்தான். அந்த நகரின் தென்பகுதியில், அரசு ஐ.டி.ஐ. இருக்கும் பகுதி டாலிகஞ்ச். இங்கிருந்து வடக்கே பாராடாங் தீவுக்குப் போகிறவர்கள் கரச்சர்மா, சிப்பிகாட், ஃபெரார்கஞ்ச் தாண்டி ஜிர்காடாங் போய்ச் சேர வேண்டும். ஓட்டுநரில்லா கார் இந்தத் தீவுக்கு வருவதற்கு வெகுகாலம் ஆகும், வராமலே போகவும் கூடும். வாங்கவோ விற்கவோ அவசரம் இல்லாத இடத்திலிருந்து பார்ப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

முதலில் கான்வாய், அதாவது வண்டிகள் காவலோடு வரிசையாகப் போகும் ஏற்பாடு. ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் படகுத்துறை வரை ஏறக்குறைய 49 கிலோமீட்டர் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் ஓடுகிறது. நினைத்த நேரத்தில் நினைத்தபடி போக முடியாது. காலை 6 மணிக்கு முதல் வரிசை கிளம்பும். அதைப் பிடிக்க போர்ட் பிளேர் விடுதிகளில் சுற்றுலா வந்தவர்களை மூன்று, மூன்றரைக்கே எழுப்பிவிடுவார்கள். சாவடியில் பயணிகளின் பெயர், அடையாள அட்டை, வண்டி எண் எல்லாம் பதிவாகும். வரிசைக்குக் காவல் துணை உண்டு. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, சாலையோரம் நிற்பவர்களுக்குத் தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். எப்போது கிளம்புவது, எவ்வளவு வேகம், யாரை முந்துவது, எங்கே டீ குடிக்க இறங்குவது என்று ஓர் ஓட்டுநர் எடுக்கும் முடிவுகளில் முக்கால்வாசி இங்கே அவர் கையில் இல்லை. மிச்சம் இருப்பவை ஸ்டியரிங், பிரேக், கண். மனிதரைச் சட்டத்தால் கட்டி, கிட்டத்தட்ட இயந்திரம்போல் ஓட்டவைக்கும் சாலை இது. இருந்தும் வண்டியில் ஏறுகிறவர் அந்த விதிகளை நம்பி ஏறுவதில்லை. “அண்ணே, ராத்திரி தூங்குனீங்களா?” என்று கேட்டுவிட்டு, வருகிற பதிலை நம்பித்தான் ஏறுகிறார். பதில் பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் கேட்பதற்கு ஒரு முகம் இருக்கிறது.

ஓட்டுநரில்லா காரோ தலைகீழ் முயற்சி: இயந்திரத்தை மனிதர்போல் ஓட்டவைப்பது. கூகுளில் தொடங்கிய ஆய்விலிருந்து பிறந்த வேமோ நிறுவனம் 2020 அக்டோபரில் ஃபீனிக்ஸ் நகரில் ஆளில்லா டாக்சியைப் பொதுமக்களுக்குத் திறந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் 2024 ஜூன் முதல் யாரும் கூப்பிடலாம் என்றானது. அதன் ஐந்தாம் தலைமுறைக் காரில் 29 கேமராக்கள், 6 ரேடார்கள், லேசர் ஒளியால் தூரம் அளக்கும் 5 லைடார்கள். கேட்கப் பிரமிப்பாக இருக்கும். ஆனால் அந்தக் காரும் வேலி கட்டிய எல்லைக்குள்தான் ஓடுகிறது. முன்கூட்டியே நுணுக்கமாக வரைந்து வைத்த தெருக்களைத் தாண்டாது. 2025 நவம்பர் வரை பொதுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு அதிவேகச் சாலையில் ஏறவில்லை. குழம்பிவிட்டால் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் யோசனை கேட்கும்; அவர் வண்டியை ஓட்டமாட்டார், கேள்விக்குப் பதில் மட்டும் சொல்வார். ஆக, கான்வாய்க்குக் காவல் வண்டி என்றால் இதற்கு அந்த அறை. தன்னந்தனியாக ஓடும் கார் என்பது பாதி விளம்பரம்.

இதுவரை இரண்டும் அண்ணன் தம்பிதான். நிறுத்துவதில்தான் பிரிகின்றன.

பொறியாளர்களுக்கு நிற்பது என்பது எப்போதும் கைவசம் உள்ள கடைசிப் புகலிடம். என்ன ஆனாலும் ஓரங்கட்டி நின்றுவிட்டால் கேடு குறைவு என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு பொய்த்த நாள்கள் உண்டு. 2023 அக்டோபர் 2 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில், மனிதர் ஓட்டிய கார் ஒன்று சாலையைக் கடந்த ஒரு பெண்ணை மோதித் தூக்கியெறிந்தது. அவர் விழுந்த இடம், பக்கத்தில் வந்த குரூஸ் நிறுவனத்தின் ஆளில்லா டாக்சிக்கு முன்னால். அது பிரேக் போட்டது. ஆனாலும் அவர்மீது மோதி நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். ‘மோதல் நடந்தால் ஓரங்கட்டு’ என்ற பாடத்தின்படி மறுபடி நகர்ந்து, அடியில் சிக்கியிருந்தவரை ஏறக்குறைய 20 அடி இழுத்துச் சென்றது. தன் அடியில் ஓர் ஆள் கிடப்பது அதற்குத் தெரியவில்லை. எந்தக் கத்துக்குட்டி ஓட்டுநரும் இறங்கிக் குனிந்து பார்த்திருப்பார். அந்த மாதமே கலிஃபோர்னியா குரூஸின் உரிமத்தை முடக்கியது. விபத்தைவிட அதிகமாக நம்பிக்கையைக் கெடுத்தது அதற்குப் பின் நடந்தது. இழுத்துச் சென்ற விவரத்தை விட்டுவிட்டு அதிகாரிகளுக்கு அறிக்கை கொடுத்ததை நிறுவனம் 2024இல் ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் குரூஸ் டாக்சிக்குப் பணம் போடுவதையே நிறுத்திக்கொண்டது.

2025 டிசம்பர் 20 அன்று அதே நகரில் துணைமின் நிலையத் தீ விபத்தால் ஒரு பெரிய பகுதிக்கு மின்சாரம் போனது. சிக்னல் விளக்குகள் அணைந்தன. வேமோ கார்கள் பல, சந்திப்புகளின் நடுவிலேயே நின்றுபோயின. யாருக்கும் அடிபடவில்லை, கார்கள் தவறும் செய்யவில்லை. நின்றன, அவ்வளவுதான். ஆனால் பின்னால் வந்தவர்களுக்கு வழி இல்லை. நம் ஊரில் சிக்னல் செத்துப்போனால் ஒரு ஆட்டோக்காரரோ பெட்டிக்கடைக்காரரோ நடுவில் இறங்கிக் கையை ஆட்டி வழிவிடுவார். சட்டப்படி அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. எல்லோரும் கேட்டுக்கொள்வார்கள்.

இப்போது அதே காரை ஜிர்காடாங்குக்கு அப்பால் விட்டதாக வைத்துக்கொள்வோம். வளைவில் ஜாரவா இளைஞர்கள் இரண்டு பேர் சாலை நடுவில் நிற்கிறார்கள். மனித ஓட்டுநர் வேகத்தைத் தணிப்பார், ஊர்ந்து வருவார், அவர்கள் விலகும்வரை உருண்டுகொண்டே இருப்பார். நிற்காமலும் இடிக்காமலும் கடந்துபோவது ஒரு பேச்சுவார்த்தை. கண்ணும் சக்கரமும் பேசிக்கொள்வது. ஓட்டுநரில்லா கார் மனித உருவத்தைக் கண்டதும் நின்றுவிடும். பின்னால் வரும் வரிசை முழுவதும் நிற்கும். கண்ணாடிகள் இறங்கும், கைப்பேசிகள் வெளியே வரும், பிஸ்கட் பாக்கெட் கை மாறும். எதைத் தடுக்க இத்தனை விதிகள் போட்டார்களோ அது அத்தனையும், காரின் மட்டுமீறிய எச்சரிக்கையாலேயே நடந்து முடியும். உதவிக்கு அந்தத் தூரத்து அறையைக் கூப்பிடலாம் என்றால் காட்டுக்குள் சிக்னல் கிடையாது. சரி, ‘எதிரில் ஆள் இருந்தாலும் நிற்காதே’ என்று நிரல் எழுதிவிடலாமா? அப்படி ஒரு வரியை எழுதிக் கையெழுத்துப் போட எந்தப் பொறியாளருக்கும் துணிவு வராது, வரவும் கூடாது.

பாதுகாப்பு என்று பேசும்போது பெரும்பாலும் காருக்குள் இருப்பவரைத்தான் நினைக்கிறோம். கான்வாயின் விதிகள் அப்படி எழுதப்பட்டவை அல்ல. வெளியில் இருப்பவருக்காகவும் எழுதப்பட்டவை. 1957இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நிலத்தின் ஊடே, அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்காமல் 1970களில் வெட்டத் தொடங்கிய சாலை இது. வேலை செய்தவர்கள்மீது அம்புகள் பாய்ந்தன. 1997க்குப் பிறகுதான் ஜாரவாக்கள் பகை விட்டு வெளியே வரத் தொடங்கினார்கள்; 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் காப்பகத்தின் வழியே போகும் பகுதியை மூடச் சொன்னது. சாலை மூடப்படவில்லை. 2012இல் ஜாரவாப் பெண்களை உணவு காட்டி ஆடவைத்த காணொளி உலகெங்கும் ஒளிபரப்பானது. ‘நிறுத்தாதே’ என்ற விதி அதற்கு முன்பும் இருந்தது. ஆக, விதி இருந்தது, காவல் வண்டி இருந்தது, ஓட்டுநர் இருந்தார். வெளியில் நின்றவர்களுக்கு அவற்றில் எதுவும் உதவவில்லை. மனித ஓட்டுநரை உயர்த்திப் பேசுகிறவர்கள், நானும் அதில் சேர்த்தி, இதை மறக்கக் கூடாது.

சான்ஃபிரான்சிஸ்கோவிலும் வெளியில் இருப்பவர்கள் கேட்கப்படவில்லை. 2023 கோடையில் அங்குள்ள சிலர் சாலைப் பணிக்கான ஆரஞ்சுக் கூம்பு ஒன்றைக் காரின் முகப்பில் வைத்துவிட்டால் அது நகராது என்று கண்டுபிடித்து, ஊரெல்லாம் அதைச் செய்தார்கள். 2024 பிப்ரவரியில் சீனப் புத்தாண்டுக் கூட்டம் காலியாக வந்த ஒரு வேமோ காரைக் கொளுத்தியது. 2025 அக்டோபரில் மிஷன் பகுதிக் கடையொன்றில் எல்லோருக்கும் செல்லமாக இருந்த ‘கிட்கேட்’ என்ற பூனை வேமோ காரில் அடிபட்டுச் செத்தபோது, தெருவோரம் பூவும் மெழுகுவத்தியும் வைத்து ஊரே அழுதது. அந்தப் பகுதியின் நகரசபை உறுப்பினர், இந்தக் கார்கள் வேண்டுமா என்று மக்கள் வாக்களிக்கட்டும் என்றார்.

ஒரு பூனைக்கா இத்தனை என்று தோன்றலாம். மனிதர்கள் ஓட்டும் கார்களில் தினமும் எத்தனையோ பூனைகள் சாகின்றன. ஆனால் மனிதர் ஓட்டிய காராக இருந்தால் யாரோ ஒருவர் இறங்கிவந்து தலையில் கை வைத்திருப்பார், அல்லது திட்டு வாங்கியிருப்பார், அல்லது ஓடிப்போய் இன்னும் மோசமான திட்டு வாங்கியிருப்பார். கோபத்தை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்திருக்கும். இந்தக் கார் அடுத்த சவாரிக்குப் போய்விட்டது. மக்கள் அழுததில் பாதி பூனைக்காக, மீதி அதற்காக என்று நினைக்கிறேன்.

புள்ளிவிவரம் காரின் பக்கம் பேசுகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆளில்லாமல் ஓடிய 5.67 கோடி மைல்களை வேமோவின் ஆய்வாளர்களே அலசி 2025இல் வெளியிட்ட ஆய்வு, அதே நகரங்களில் மனிதர்கள் ஓட்டுவதோடு ஒப்பிட்டால் கடுமையான காயம் ஏற்படுத்தும் விபத்துகள் 85 சதவீதம் குறைவு என்றது. பாதசாரிகள் காயப்படுவது 92 சதவீதம் குறைவு. தன் சரக்கைத் தானே எடைபோட்ட கணக்கு என்று சிறிது தள்ளுபடி செய்தாலும் பெரிய எண்தான். அதே 2025இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. நடத்திய கருத்துக்கணிப்பில், ஓட்டுநரில்லா காரில் ஏற நம்பிக்கை உண்டு என்றவர்கள் 13 சதவீதம் மட்டுமே. பத்தில் ஆறு பேர் பயம் என்றார்கள். இங்கே இந்தியாவிலோ 2022இல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இத்தனைக்குப் பிறகும் நாம் விடியற்காலை மூன்று மணிக்குக் கண் சிவந்த ஓட்டுநருக்குப் பின்னால் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

இதை மடமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. புது வண்டி வாங்கினால் சென்னை பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறோம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிறது. விபத்தே வராது என்ற நம்பிக்கை அல்ல அது. வந்தால் தனியாக விடப்படமாட்டோம் என்ற ஏற்பாடு. ஓட்டுநர்மேல் வைக்கும் நம்பிக்கையும் அந்த வகைதான்: வண்டி கவிழ்ந்தால் அவரும் அதில்தான் இருப்பார்; பிழைத்தால் பதில் சொல்வார். திறமையில் கணினி ஜெயித்துவிடலாம். ஆனால் கவிழும்போது அது உடன் இருப்பதில்லை. காருக்குள் திரை வைத்து, தான் காணும் பாதசாரிகளையும் சைக்கிள்களையும் வேமோ படமாகக் காட்டுகிறதே, அது நாம் முன்கண்ணாடியில் ஓட்டுநர் கண்ணைத் தேடுவதற்கு ஒரு மாற்று. கெட்டிக்காரத்தனமான மாற்று, ஆனால் கண்ணுக்குத்தான், பதிலுக்கு அல்ல.

பதில் யார் சொன்னார்கள் என்பதற்கு ஒரே ஒரு வழக்கைப் பார்த்தால் போதும். 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில் ஊபர் சோதனைக் கார் ஒன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. ஓட்டுநரில்லா கார் பாதசாரியைக் கொன்ற முதல் நிகழ்வு அது. கருவி 5.6 விநாடிகளுக்கு முன்பே அவரைக் கண்டுவிட்டது. வண்டி என்றும் தெரியாத பொருள் என்றும் சைக்கிள் என்றும் மாறி மாறிப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தது. காரோடு வந்த வால்வோவின் தானியங்கி பிரேக் வசதியை ஊபர் அணைத்துவைத்திருந்தது. கண்காணிக்க இருக்கையில் அமர்த்தப்பட்டிருந்தவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுவனத்தின்மீது குற்ற வழக்கு இல்லை என்று 2019இல் முடிவாயிற்று. இருக்கையில் இருந்தவர் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்குள் வைக்கப்பட்டார். ஒன்றும் செய்யாமல் ஒன்றையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரின் கவனம் அரை மணி நேரத்தில் சரிந்துவிடும் என்று நார்மன் மாக்வொர்த் 1948இலேயே சோதித்துச் சொல்லியிருந்தார். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வேலையைக் கொடுத்துவிட்டு, சரிந்ததற்குத் தண்டனையும் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு இது தூரத்துக் கதை அல்ல. பாதி ஓட்டும் வசதியோடு 2021இல் வந்த மஹிந்திரா எக்ஸ்.யூ.வி. 700 போன்ற கார்களில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காணொளி எடுத்துப் போட்டவர்கள் இங்கும் உண்டு.

நிற்பதா போவதா என்ற கேள்வியில் மனிதருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, ஆளை மோதிக் கொன்றுவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. 2024 ஜனவரி முதல் நாள்களில் நாடெங்கும் லாரி ஓட்டுநர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். நின்றால் கூட்டம் அடித்தே கொல்லும் என்பது அவர்கள் வாதம். அந்த உட்பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது. சட்டம் நில் என்கிறது, உயிர்ப்பயம் ஓடு என்கிறது. ஓட்டுநரில்லா காருக்கு இந்தப் பயம் இல்லை, அது ஓடாது. இந்த ஓர் இடத்தில் கணினி நம்மைவிட நேர்மையானது என்று ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

வரைபடம் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடத்தில் கடல்நீர் ஏறி நின்றுவிட்டது. ஓத நேரத்தில் சாலைமேல் தண்ணீர். முந்தின நாள் வரைந்த படம் மறுநாள் பொய். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் ஊரில் லைடாரின் பாடும் திண்டாட்டம்தான். டாலிகஞ்ச் பேருந்து ஓட்டுநர் இவற்றுக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது பாடத்திட்டத்தால் அல்ல.

ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி ஓட்டுநரில்லா கார்களை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று 2017லும் 2023லும் சொன்னார். ஓட்டுநர்களின் பிழைப்பு போய்விடும் என்பது அவர் காரணம். நல்ல எண்ணம், ஆனால் கேள்வியை முடித்துவைக்கும் பதில் அல்ல. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 2பி என்று ஒரு பிரிவு சேர்ந்திருக்கிறது: புதுமைக்கும் ஆராய்ச்சிக்கும் என்றால் சில வகை வண்டிகளுக்குச் சட்டத்திலிருந்தே ஒன்றிய அரசு விலக்கு அளிக்கலாம். கதவு தாழிடப்படவில்லை, சாத்தித்தான் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2025 செப்டம்பரில் தடைசெய்யப்பட்ட திருப்பம் திரும்பிய வேமோ காரை மடக்கிய போலீஸார், அபராதச் சீட்டில் எழுத ஓட்டுநர் பெயர் இல்லாமல் திரும்பினார்கள். நிறுவனத்துக்கே அறிவிக்கை கொடுக்க வழிசெய்யும் சட்டம் 2026 ஜூலையில் நடைமுறைக்கு வருவதாக அங்கே ஏற்கெனவே நிறைவேறியிருந்தது. இங்கே அப்படி எதுவும் இல்லை.

2பி பிரிவின் கீழ் யாருக்காவது விலக்கு கொடுப்பதற்கு முன், மூன்று விவரங்களை அரசு எழுத்தில் வெளியிட வேண்டும்: அடிபட்டால் வழக்கு யார் பெயரில் பதிவாகும், விபத்துக் காணொளி எத்தனை மணி நேரத்தில் போலீஸ் கைக்கு வரும், அந்தத் தெருவில் நடக்கிறவர்களிடம் எப்போது, எந்த மொழியில் சம்மதம் கேட்கப்படும். உங்கள் ஊரில் சோதனை ஓட்டம் என்று அறிவிப்பு வந்தால் காரில் ஏறிப் பார்ப்பதற்கு முன் இந்த மூன்றையும் கேளுங்கள்.